ஊசி போட்டாயிற்று, ஒப்பரேஷன் எதற்கு?

சீனி வருத்தம் என்று நாம் சொல்லும் நீரிழிவு நோயினால் கண்ணின் பின்புறம் பழுதடைந்தவர்களுக்கு, சத்திர சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பாகக் கண்ணுக்குள் ஓர் ஊசி மருந்து ஏற்றப்படுவதுண்டு. அதன்பின் சிலருக்குப் பார்வை சற்றுத் தெளிகின்றது. உடனே, "கண் தெரிகிறதுதானே, இனி ஒப்பரேஷன் எதற்கு?" என்ற எண்ணம் எழுகின்றது. பயணச் செலவு, இழக்கும் நாட்கூலி, பிள்ளைகளை யாரிடம் விட்டுச் செல்வது என்ற கவலை: இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இவை சிறிய காரணங்கள் அல்ல. ஆயினும் இந்த ஊசியைப் போட்டுவிட்டுச் சத்திர சிகிச்சைக்குச் செல்லாமல் விடுவது, உள்ள பார்வையையும் இழக்கச் செய்யலாம். அது ஏன் என்பதை நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

எமது கண்ணின் உட்புறம் ஏறத்தாழ 4 மில்லி லீற்றர் தெளிந்த பாகினால் நிரம்பியுள்ளது. அதன் பின்னால், உட்சுவரோடு ஒட்டியபடி, ஒளியை உணரும் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கின்றது. நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் கிடைக்காத பகுதி, புதிய குழாய்கள் முளைக்கும்படி ஒரு பொருளைச் சுரக்கின்றது. அப்படி முளைக்கும் குழாய்கள் பலமற்றவை. அவை இலகுவில் வெடித்து இரத்தம் பாகில் கலக்க, பார்வை மறைகின்றது. அக்குழாய்களோடு தழும்புத் திசுவும் கொடிபோலப் படர்ந்து, சுருங்கும்போது விழித்திரையைச் சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிடுகின்றது.

இரத்தம் கலந்த பாகை அகற்றித் தழும்பை வெட்டியெடுக்கும் சத்திர சிகிச்சை முறையை அமெரிக்காவின் மயாமி நகரில் 1970ஆம் ஆண்டு றொபேட் மக்கமர் என்ற வைத்தியர் தொடக்கி வைத்தார். இன்று ஏறத்தாழ அரை மில்லி மீற்றர் தடிப்புள்ள கருவிகளால் இது செய்யப்படுகின்றது. இதில் பெரிய சிரமம் என்னவெனில், தழும்பை வெட்டும்போது அதிலுள்ள குழாய்களிலிருந்து இரத்தம் கசிந்து வைத்தியரின் பார்வையை மறைப்பதாகும்.

துணைக்கு வந்த மருந்து

குழாய்களை முளைக்கச் செய்யும் அப்பொருளை நெப்போலியோனே பெராரா என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் பிரித்தெடுத்து 1989இல் அறிவித்தனர். அதனைத் தடுக்கும் பெவசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் குடற் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்டது. 2005 முதல் வைத்தியர்கள் அதனைக் கண்ணுக்கும் பயன்படுத்தலாயினர். வழக்கமான அளவு 1.25 மில்லி கிராம் மட்டுமே. கண்ணை விறைக்கச் செய்து, வெள்ளை விழியினூடாக மிக மெல்லிய ஊசியால் இது ஏற்றப்படுகின்றது. சில நாட்களில் புதிய குழாய்கள் வாடிச் சுருங்குகின்றன. இதனால் சத்திர சிகிச்சையின்போதும் அதன் பின்னரும் இரத்தக் கசிவு குறைகின்றது.

மருந்தின் மறுபக்கம்

குழாய்கள் வாடும்போது தழும்பு மறைவதில்லை. மாறாக அது இறுகிச் சுருங்குகின்றது. விழித்திரையை முன்னரைவிடப் பலமாக இழுக்கவும் கூடும். இவ்வாறு ஊசி போடப்பட்ட 211 கண்களைப் பற்றி 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 11 கண்களில் விழித்திரை விலகல் புதிதாக ஏற்பட்டது அல்லது மோசமடைந்தது. ஊசி போட்டதிலிருந்து சராசரியாக 13 நாட்களில் இது நிகழ்ந்தது. மிகக் குறைந்தது 3ஆம் நாள், மிகக் கூடியது 31ஆம் நாள். இதனாலேயே பெரும்பாலான வைத்தியர்கள் ஊசிக்கும் சத்திர சிகிச்சைக்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் விடுவதில்லை. ஆகவே ஊசியையும் சத்திர சிகிச்சையையும் ஒரே வைத்தியத்தின் இரு பகுதிகளாகவே நாம் கருதவேண்டும்.

விழித்திரைச் சத்திர சிகிச்சைக்கு உதவும் வேறு மருந்துகளும் உண்டு. தெளிந்த பாகு கண்ணுக்குத் தெரியும்படி அதில் ஒட்டிக்கொள்ளும் வெண்ணிற மருந்தும், உரித்தெடுக்க வேண்டிய மெல்லிய சவ்வுக்கு நிறமூட்டும் நீலச் சாயமும் அவற்றுட் சில. பாகு விழித்திரையின் மையத்தில் ஒட்டி இழுக்கும் வேறொரு நோய்க்கு, சத்திர சிகிச்சையே இன்றி ஊசியால் அப்பிடியைக் கரைக்க முயன்றதும் உண்டு. ஒக்ரிபிளாஸ்மின் என்ற அம்மருந்து அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. ஆனால் ஆய்வில் 100 பேரில் ஏறத்தாழ 27 பேருக்கே அது பலன் தந்தது. மருந்தற்ற ஊசி பெற்றவர்களிலும் 10 பேருக்குத் தானாகவே பிடி விட்டிருந்தது. 2020இல் அங்கு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

நாம் செய்யவேண்டியவை

1. ஊசி போடுமுன்னரே சத்திர சிகிச்சைத் திகதியைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அன்று வர முடியாத நிலை இருந்தால் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஊசியைப் பிற்போடுவது, போட்டபின் வராமல் விடுவதைவிட மேலானது.

2. கிளினிக் கொப்பியில் ஊசி போட்ட கண், மருந்தின் பெயர், திகதி ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். திடீரென வேறிடம் செல்ல நேர்ந்தால் அக்கொப்பியுடன் அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, "ஊசி போட்டாயிற்று, ஒப்பரேஷன் இன்னும் ஆகவில்லை" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

3. அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தால், அல்லது கர்ப்பமாக இருந்தால், ஊசிக்கு முன் மறைக்காமல் தெரிவியுங்கள்.

4. ஊசிக்குப் பின் நோவும் சிவப்பும் கூடினால், பார்வை குறைந்தால், அல்லது திரை விழுவதுபோல ஒரு பக்கம் மறைந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

5. சத்திர சிகிச்சையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால், அது கரையும்வரை விமானப் பயணமும் மலைநாட்டுப் பயணமும் கூடாது. உயரம் கூடும்போது வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதான காரியம் ஒன்றுண்டு. நீரிழிவு உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு தடவை விழித்திரையைச் சோதிக்க வேண்டும். குழாய்கள் முளைக்கத் தொடங்கும் காலத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலேயே பலருடைய பார்வையைக் காக்கலாம். உங்கள் முகாமிலோ கிராமத்திலோ இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு திகதிக்காகக் காத்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவருக்கு அந்நாளை நினைவூட்டுங்கள். முடிந்தால் கூடவே செல்லுங்கள். கண் தெரியாதவர் தனியே பஸ் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம்.