மோனேயின் அல்லியும் நமது ஆகாயத்தாமரையும்

பிரெஞ்சு ஓவியர் கிளாத் மோனே 1899-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை, 'தாமரைக் குளத்தின் மேல் பாலம்' என்று தமிழில் எழுதியிருப்பதை அவ்வப்போது காண்கிறேன். அவர் வரைந்தது தாமரையை அன்று, அல்லியை.

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. அல்லி இலை நீரோடு படிந்து கிடக்கும். ஓரத்திலிருந்து காம்புவரை ஒரு பிளவு காணப்படும். தாமரை இலையில் பிளவில்லை. முதிர்ந்தால் குடைபோல் நீருக்கு மேலெழும். இலை படிந்து கிடந்ததால்தான் இடைவெளிகளில் கரைமரங்களின் பசுமை நீரில் நிழலாட, மோனே அதை வரைய முடிந்தது.

தாமரைக் குளத்துக்கு நாம் பாரீஸ் செல்ல வேண்டியதில்லை. தஞ்சைக்குத் தெற்கே, புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் குளம் ஒன்று இருக்கிறது. நிமிர்ந்த தண்டுகளுக்கிடையே மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள். பூப்பறிக்கும் மனிதர்களும் உண்டு. மோனே ஒளியைப் பார்த்தார். இவ்வோவியர் நீரை நம்பி வாழும் உயிர்களைப் பார்த்தார். என் மனம் சாய்வது இரண்டாமவர் பக்கமே.

மோனேயின் குளத்துக்கும் ஒரு தண்ணீர்த் தகராறு உண்டு. 1893-இல் ஷிவெர்னி கிராமத்தில் நிலம் வாங்கிய அவர், எப்த் ஆற்றின் கிளை ஓடையிலிருந்து நீரைத் திருப்ப அனுமதி கேட்டார். அயல்நாட்டுச் செடிகளால் நீர் கெடும் என்று ஊரார் எதிர்த்தனர். மாவட்ட ஆட்சியருக்கு நிகரான அதிகாரிக்கு அவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பின்னரே அனுமதி கிடைத்தது.

அந்த ஊராரை அறியாதவர்கள் என்று என்னால் சொல்ல இயலாது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆகாயத்தாமரை, அழகுச் செடியாகவே நாடு நாடாகப் பரவியது. இன்று நம் ஆறுகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக் கிடக்கிறது. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறக்கப்பட்டாலும், கடைமடைக்கு நீர் சேர்வதை இதுவும் தாமதப்படுத்துகிறது. அடியில் அல்லிக்கு வெளிச்சமும் கிடைப்பதில்லை.

மோனேயின் குளத்துக்கென்றே ஒரு தோட்டக்காரர் இருந்தார். படகில் சென்று அல்லியைப் பேணுவது அவர் வேலை. நம் ஊர்களில் குடிமராமத்து அப்பணியைச் செய்தது. இப்போது தண்ணீர் திறப்பதற்குச் சற்று முன்னர் இயந்திரம் வருகிறது. வாரிய செடி கரையிலேயே குவிக்கப்படுகிறது. அதை அப்புறப்படுத்திக் குழியிலிட்டு எருவாக்கும் செலவையும் தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். கரையில் விட்ட செடி அடுத்த மழையிலேயே வாய்க்காலுக்குள் இறங்கிவிடும்.