இரண்டு நிமிட நூடுல்ஸ்: ஏற்காட்டு மலை வரை ஏறியது எப்படி?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போய் இறங்கினால், மிளகாய் பஜ்ஜிக் கடைகளுக்கு நடுவே நூடுல்ஸும் சுடச்சுட விற்கிறது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பிரியாணி பையிலேயே இருக்கும். பிள்ளைகள் கேட்பது நூடுல்ஸைத்தான்.

குளிர் மட்டும் இதற்குக் காரணமல்ல. சேர்வராயன் மலையில் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். நூடுல்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது ஏற்கெனவே வெந்த பண்டம். எடை குறைவு, மாதக்கணக்கில் கெடாது, ஓர் அடுப்பு போதும். மலைக் கடைக்காரருக்கு இதைவிடத் தோதான சரக்கு ஏது?

இந்த வித்தையைக் கண்டவர், தைவானில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த மொமொஃபுகு ஆண்டோ. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய பஞ்சத்தில், ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவர். வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு முயன்று 1958இல் வெற்றி கண்டார். ஆவியில் வெந்த மாவிழைகளை எண்ணெயில் பொரித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி நுண்துளைகள் உண்டாகின்றன. வெந்நீர் அந்தத் துளைகளில் புகுந்ததும் இழை மீண்டும் மென்மையாகிறது. நூடுல்ஸை 'அவித்த உணவு' என்று எண்ணிக் கொடுக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் வாங்குவதில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்த மைதா.

இந்தியாவில் 1980களில் மேகி வந்தது. மலேசியாவில் தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' கடைகளில் அதுவே 'மேகி கோரேங்' ஆகி, நள்ளிரவிலும் விற்கிறது. 2015இல் காரீயம் அதிகம் என்று இங்கே தடை வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை நீக்கியபின் அதே ஆண்டே விற்பனை மீண்டும் தொடங்கியது.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: ஹலாலா? பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் இறைச்சிப் பொருள் சேராதது. பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டுமே சொல்லும், அறுத்த முறையைச் சொல்லாது. இப்போது இளைஞர்கள் விரும்பும் கொரிய ராமென் வகைகளில் மாட்டிறைச்சி, கோழிச் சாறு கலந்தவை உண்டு. அவற்றில் ஹலால் முத்திரையைத் தேடியே ஆக வேண்டும். 631 என்ற எண்ணுள்ள சுவையூட்டி மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் வரலாம். சேலத்து ஜவ்வரிசிக்கு விளைகிறதே, அந்த மரவள்ளியின் மாவிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து ஹராம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது சரியல்ல.

உப்பின் பெரும்பகுதி மசாலாப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. பாதி போட்டு, முட்டையும் காய்கறியும் சேர்த்தால் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் காலங்காலமாக விளையும் சாமையின் பெயரிலும் இப்போது நூடுல்ஸ் கிடைக்கிறது. வாங்குமுன் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வரும்படிதான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பட்டியலில் முதலில் இருப்பது சாமையா, மைதாவா?