வீட்டைக் காப்பாற்ற சுவரை ஏன் உடைக்கிறார்கள்?

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா சூறாவளியில் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. உதவிக்கு வந்த தேவாலயத் தன்னார்வலர்கள் முதலில் எடுத்தது பெயின்ட் பிரஷ் அல்ல, கடப்பாரை!

ஏன்? அங்கே பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். உள்சுவர் ஜிப்சம் பலகை. அது தண்ணீரை உறிஞ்சும், ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். மேலே பெயின்ட் அடிச்சு மூடினா, உள்ளே அழுகிக்கிட்டே இருக்கும். நனைந்த பலகை, தரை எல்லாவற்றையும் பெயர்த்து, சட்டத்தை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் புதுச்சுவர்.

ஆள் வைத்துச் செய்தால் செலவு எகிறும். காப்பீடு இல்லாத குடும்பங்களுக்கு இந்த இலவச உழைப்புதான் வீடு திரும்ப வழி. 1950இல் தொடங்கிய மெனோனைட் பேரிடர் சேவை போன்ற குழுக்கள், டிவி கேமராக்கள் கிளம்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை செய்தன.