மாடியில் விழும் வெயிலும் அமானிதமே!



சூரியனைக் குறிக்க ‘ளியா’ என்ற சொல்லையும், சந்திரனைக் குறிக்க ‘நூர்’ என்ற சொல்லையும் திருக்குர்ஆனின் யூனுஸ் அத்தியாயம் கையாள்கிறது. முன்னது வெம்மையோடு தானே சுடரும் ஒளி; பின்னது குளிர்ந்த ஒளி. அந்தச் சுடரொளி நாள்தோறும் நம் பள்ளிவாசல் மாடியிலும் மதரஸா மாடியிலும் கூலி கேளாமல் பொழிகிறது. நாமோ கீழே அமர்ந்து, மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, மாணவர்களின் உணவுச் செலவில் எதைக் குறைப்பது என்று கணக்குப் பார்க்கிறோம்.

மொரோக்கோ காட்டிய வழி

மொரோக்கோ நாட்டின் மராக்கிஷ் நகரில் குத்துபிய்யா பள்ளிவாசல் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதீன் ஆட்சியாளர்கள் எழுப்பியது. அதைச் சுற்றி நூல் வணிகர்கள் கடை விரித்திருந்ததால் அப்பெயர் வந்தது. 2016 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடு அந்நகரில் கூடியபோது, அப்பழம்பெரும் பள்ளியின் மாடியில் சோலார் பலகைகள் மின்சாரம் தந்துகொண்டிருந்தன.

அந்நாட்டு வக்ஃப் அமைச்சகம் 600 பள்ளிவாசல்களை இவ்வாறு மாற்றுவதென 2016இல் அறிவித்தது. அத்திட்டம் பலகையோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய விளக்குகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவது, ஒளூச் செய்யும் நீரை வெயிலால் சூடாக்குவது ஆகியவையும் அதில் அடங்கும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளூவில் நீரை விரயமாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். விரயத்தை நிறுத்துவது முதற்படி. வருவாயைப் பெருக்குவது அடுத்தபடி.

நான் கண்ட காட்சி

சில ஆண்டுகளுக்கு முன், ரமளான் சொற்பொழிவுக்காக ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். தராவீஹ் தொழுகையின் நடுவே மின்சாரம் நின்றது. பள்ளி இருளில் மூழ்கியது. மோதினார் தட்டுத் தடுமாறிக் கைவிளக்கைத் தேடினார்.

மறுநாள் காலை மாடியேறிப் பார்த்தேன். எட்டுச் சோலார் பலகைகள் இருந்தன! வளைகுடாவில் உழைத்த சகோதரர் ஒருவர், மறைந்த தம் தந்தைக்காகச் செய்துகொடுத்தவை. பலகைகளின்மேல் புறா எச்சமும் புழுதியும் படிந்திருந்தன. கீழறையில் பேட்டரிகள் தண்ணீர் வற்றி உப்பிக் கிடந்தன. உத்தரவாதச் சீட்டு முந்தைய நிர்வாகத்திடம் போனதாம். அமைத்துக் கொடுத்தவரின் தொலைபேசி எண் எவரிடமும் இல்லை. கொடையாளரின் பெயர்க்கல் மட்டும் துடைத்துத் தூய்மையாக இருந்தது.

அந்தச் சகோதரரின் நிய்யத்துக்குரிய கூலியை அல்லாஹ் அறிவான். ஆனால், ‘சதக்கத்துல் ஜாரியா’ என்பதற்கு ஓடிக்கொண்டிருக்கும் தர்மம் என்றல்லவா பொருள்? அந்த ஓட்டத்தை நிறுத்தியவர்கள் யார்? கொடுத்தவர் தம் கடமையைச் செய்தார். பெற்றுக்கொண்ட நாம்தாம் அமானிதத்தைப் பேணவில்லை.

அமைக்குமுன் அறிய வேண்டியவை

உங்கள் ஜமாஅத்திலோ, மதரஸாவிலோ, திருமண மண்டபத்திலோ, வணிகக் கட்டடத்திலோ இப்பேச்சு எழுந்தால் சிலவற்றை நினைவில் வையுங்கள்.

ஒரு கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நம் பகுதியில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆக, 5 கிலோவாட் அமைப்பு மாதம் 600 யூனிட் அளவில் தரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும்.

நம் பள்ளிகள் மேற்கு நோக்கி நிற்கின்றன. பலகைகளோ தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கிழக்கு முகப்பில் மினாரா இருந்தால், காலை வேளையில் அதன் நிழல் மாடியின் குறுக்கே விழும். ஒரு பலகையின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும், அதனோடு இணைந்த மற்றப் பலகைகளின் உற்பத்தியும் குன்றும். எனவே காலையிலும் மாலையிலும் மாடியேறி நிழலைப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணையும் அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்தடையிலும் விளக்கு எரியவேண்டுமானால் பேட்டரி தேவை; அதற்குத் தனிச் செலவும் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றும் பொறுப்பும் உண்டு. இதைக் கேட்டறியாமல் பணம் கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

பள்ளியின் மின்தேவை மஃரிபுக்குப் பின்னரே மிகுகிறது. பலகையோ பகலில்தான் தருகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்கு அளிக்கும் விதிமுறை, மின்இணைப்பின் வகைக்கேற்ப மாறுபடும். மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு அறிந்த பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். தண்ணீர்த் தொட்டியை லுஹருக்கு முன்பே நிரப்பிக்கொண்டால், மோட்டாரின் செலவை வெயிலே ஏற்றுக்கொள்ளும். பகல் முழுவதும் மின்விசிறி சுழலும் மதரஸாக்களுக்கும் கடைகளுக்கும் பயன் இன்னும் அதிகம்.

பேணுவோர் யார்?

பலகைகளுக்குப் பெரும்பாலும் 25 ஆண்டுகள் உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குள் நிர்வாகங்கள் பலமுறை மாறிவிடும். ஆகவே உத்தரவாதச் சீட்டு, வரைபடம், பழுது பார்ப்பவரின் எண் ஆகிய மூன்றும் வக்ஃப் பத்திரங்களோடு ஒரே பெட்டியில் இருக்கட்டும். வெயில் ஏறுமுன் தூய நீரால் பலகைகளைக் கழுவும் பணியை ஒருவரிடம் ஒப்படையுங்கள். மாதந்தோறும் மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வையுங்கள்.

தாய்மார்களே! சோறாக்கும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்து, அந்தப் பிடியரிசியால் மதரஸாக்களை நடத்தியவர்கள் உங்கள் அன்னையரும் பாட்டிமாரும். ஒருமுறை பெருந்தொகை கொடுப்பதைவிட, நாள்தோறும் சிறிது பேணுவதே ஓர் அறத்தை நிலைநிறுத்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். புதிய பலகைக்கு நிதி திரட்ட உங்கள் வீட்டுக்கு வருவோரிடம், “இதை யார் பார்த்துக்கொள்வார்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அக்கேள்வியும் ஒரு தர்மமே.

வல்ல அல்லாஹ், அவன் தந்த ஒளியை விரயமாக்காமல் பயன்படுத்தவும், பிறர் நம்மை நம்பி ஒப்படைத்ததைப் பேணிக் காக்கவும் நமக்குத் தௌஃபீக் அருள்வானாக! ஆமீன்.