உங்களுக்குத் தெரியுமா? பார்சிகளும் ஒரு நரம்பு நோயும்

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் பிளாஸ்டிக் உறைபோல மயலின் என்ற கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களே அதை அரித்தால் வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். பலருக்குச் சில வாரங்களில் தேறும். பிறகு திரும்ப வரும்.

வட ஐரோப்பாவில் பரவலான இந்நோய் இந்தியர்களுக்கு அரிது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நரம்பியல் துறையை உருவாக்கிய நோஷிர் வாடியா (1925–2016), பார்சிகளிடையே கணக்கெடுத்துப் பார்த்தார். மும்பை, புணே பார்சிகளில் லட்சத்துக்கு 20 பேருக்கு மேல் இந்நோய் இருப்பது 1990-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அதே ஊர், அதே வெயில். ஆனாலும் அண்டை வீட்டாரைவிட எவ்வளவோ அதிகம்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரானிலிருந்து வந்து, தங்களுக்குள்ளேயே மணம் முடித்துவந்த சமூகம் அது. நோயில் பரம்பரைக்கும் பங்குண்டு என்ற வாதம் இதனால் வலுத்தது.

உலக நரம்பியலில் வாடியாவின் பெயர் நிலைத்ததோ வேறொரு நோயால். பரம்பரையாகச் சிறுமூளை சிதையும் 9 குடும்பங்களைப் பற்றி, சுவாமி என்பவருடன் சேர்ந்து 1971-இல் எழுதினார். இரண்டு விரல்களை மாறிமாறிப் பார்க்கச் சொன்னால் எவர் கண்ணும் சட்டெனத் தாவும். இந்நோயாளிகளின் கண் மெல்ல ஊர்ந்து போகும். இத்தகையோரில் பலருக்கு இருப்பது எஸ்சிஏ2 என்ற பரம்பரைச் சிறுமூளை நோய் என்று பின்னர் தெளிவானது. அதன் மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது.