முற்றத்துக் கல்லை நாமே வார்ப்போம்

திருவனந்தபுரத்துக்கு மழை இரண்டு தடவை வரும். ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் பத்து சதுர மீட்டர் முற்றத்தில் மட்டும் ஆண்டுக்கு 18,000 லிட்டர் விழுகிறது. மண் தரையாக இருந்தவரை அதில் ஒரு பங்கு செம்மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போனது. வாசற்படி முதல் மதில் வரை காங்கிரீட் போட்டு, அதன் மேல் இடைவெளியில்லாமல் இன்டர்லாக் கல் பதித்துவிட்டால், அத்தனையும் தெரு ஓடைக்கு ஓடிவிடுகிறது.

சேறு மிதிக்காமல் நடக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்காக முற்றம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. கால் படும் இடத்தில் கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே புல் என்றால் போதும். அந்தக் கல்லை வீட்டிலேயே அழகாக வார்த்துக்கொள்ளலாம்.

பேக்கர் காட்டிய வழி

இப்படி யோசிக்க இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்த கட்டடக் கலைஞர். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் கட்டிக்கொண்ட 'ஹாம்லெட்' வீட்டிலும், வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்திலும் ஒரே கொள்கைதான்: நிலத்தின் சரிவை மாற்றாதே, மரத்தை வெட்டாதே, பக்கத்தில் கிடைப்பதை வைத்துக் கட்டு. பிறர் கழித்துப்போட்ட ஓடும் பாட்டிலும் அவர் கையில் அலங்காரமாயின. 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு அந்த வழியைத் தொடர்கிறது. முற்றத்துக் கல்லுக்கும் இந்தக் கொள்கை அப்படியே பொருந்தும்.

வார்க்கும் முறைக்கு ஆத்தங்குடியைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் பூக்கல் அங்கே கண்ணாடிப் பலகை மேல் தலைகீழாக வார்க்கப்படுகிறது. முதலில் வண்ணச் சிமென்ட், அதன் மேல் மணலும் சிமென்டும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கமே பிறகு கல்லின் முகம். தலைகீழாக வார்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம், பளபளப்பு நமக்கு வேண்டாம். மழையில் நனைந்து பாசி பிடிக்கும் முற்றத்தில் வழவழப்பான கல் ஆளை வழுக்கிவிடும். சொரசொரப்பு அவசியம்.

இலை பதித்த கல்

அந்தச் சொரசொரப்பைத் தோட்டத்து இலையே தரும். சேம்பு, பலா, பெரணி என நரம்பு புடைத்த எந்த இலையும் ஆகும். 12 இஞ்ச் சதுரம், 2 இஞ்ச் உயரத்தில் பிளைவுட் அச்சு ஒன்றைத் திருகாணி போட்டுச் செய்துகொள்ளுங்கள். ஆணி அடித்தால் கழற்றும்போது கல்லின் ஓரம் சிதறும். உட்புறம் தேங்காயெண்ணெய் மெல்லிசாகத் தடவி, இலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி அடியில் ஒட்ட வையுங்கள்.

ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சலித்த எம்-சாண்ட். இதில் நிறத்துக்கான ஆக்சைடு பொடியைச் சிமென்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 2 கிலோவுக்கு 100 கிராம், உலர்வாகவே நன்றாகக் கலக்க வேண்டும். பொடியைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கேட்டு வாங்கலாம். தண்ணீர் சேர்த்து அரை இஞ்ச் கனத்துக்கு இலை மேல் பரப்புங்கள். அது இறுகும் முன்பே மீதி ஒன்றரை இஞ்சுக்குக் காங்கிரீட்: சிமென்ட் ஒன்று, எம்-சாண்ட் ஒன்றரை, கால் இஞ்ச் ஜல்லி இரண்டு.

கல்லின் ஆயுள் தண்ணீரில் இருக்கிறது. கலவையை ஒரு பிடி பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. கொழகொழவென்று ஊற்றினால் வேலை சுலபம், ஆனால் கல் சீக்கிரம் பொடிந்துபோகும். அச்சின் நான்கு பக்கமும் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடையும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு கல்லில் வெள்ளையாகப் பூக்கும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஈரச் சிமென்ட் தோலைப் புண்ணாக்கும்.

ஈரச் சாக்கால் மூடி, ஒரு நாள் கழித்து அச்சைக் கழற்றுங்கள். ஈரக்காற்று நாளென்றால் இரண்டு நாள். கல்லைப் புரட்டி இலையை உரித்தால் நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கும். பிறகு பத்து நாள் தொட்டித் தண்ணீரில் கிடக்கட்டும். 28 நாள் ஆனபின் பதியுங்கள். ஒரு கல் சுமார் 11 கிலோ இருக்கும்.

பதிக்கும்போது

மேல்மண்ணை வெட்டி எடுத்து, தரையை லேசாகக் கெட்டித்து, இரண்டு இஞ்ச் ஜல்லி, ஒரு இஞ்ச் மணல், அதன் மேல் கல். சிமென்ட் பூச்சு எங்கும் கூடாது. தண்ணீர் இறங்க வழி விடத்தான் இத்தனையும். கல்லுக்குக் கல் இரண்டு இஞ்ச் விட்டுப் புல் நடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுங்கள்.

இந்தக் கல் நடப்பதற்கு மட்டுமே. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658 நடைபாதைக் கல்லுக்கு 50 மி.மீ., இலகு வாகனத்துக்கு 60 மி.மீ. கனம் சொல்கிறது. கார் நிற்கும் இடத்துக்கு ஆலையில் அழுத்திச் செய்த கல்லை வாங்கி, அதையும் மணல் படுக்கையிலேயே பதியுங்கள்.

துலாவர்ஷம் ஓய்ந்த டிசம்பரே தொடங்க நல்ல நேரம். வாரக் கடைசியில் நாலைந்து கல் என்று வார்த்தாலும் இடவப்பாதிக்கு முன் முற்றம் தயாராகிவிடும். பிள்ளைகளையும் இலை பறிக்க அழையுங்கள். தங்கள் வீட்டில் பெய்யும் மழை தங்கள் கிணற்றுக்கே போக வேண்டும் என்பதை அவர்கள் கைவேலையோடு கற்றுக்கொள்ளட்டும்.