பாதி ஜெர்மன், பாதி தமிழ்... நாகர்கோவில்ல இருந்து ஒரு மெயில் நட்பு!

1806-ல் மயிலாடிக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். பேரு ரிங்கல்தௌபே. இங்கே வர்றதுக்கு முன்னாடி தரங்கம்பாடியில உட்கார்ந்து தமிழ் படிச்சவர். ஊர்ல இருந்து அவருக்கு ஒரு கடிதம் வரணும்னா கப்பல்ல மாசக்கணக்குல ஆகும்.

இப்போ போக்குவரத்து தலைகீழா மாறிடுச்சு. நம்ம பிள்ளைங்க இங்கே உட்கார்ந்து ஜெர்மன் படிக்கிறாங்க. நர்ஸிங் முடிச்சவங்க, இன்ஜினீயரிங் முடிச்சவங்க, மேல்படிப்புக்குப் போறவங்கன்னு வீட்டுக்கு ஒருத்தராவது 'ஏ1, ஏ2, பி1'னு பேசுறதைக் கேட்டிருப்பீங்க. நர்ஸா அங்கே அங்கீகாரம் வாங்கணும்னா பொதுவா பி2 வரைக்கும் ஏறணும். அதுல பல பேர் மூச்சு வாங்குற இடம் பி1. கிளாஸ்ல எல்லாம் புரியும். டெஸ்ட்ல வெள்ளைத்தாளைப் பார்த்ததும் கை நின்னுடும்.

அந்தக் கையை ஓட வைக்கிற பழைய வழி ஒண்ணு இருக்கு. பேனா நட்பு. உங்க சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க... ஃபின்லாந்துல துர்க்குங்கிற ஊர்ல இருந்து 'இன்டர்நேஷனல் யூத் சர்வீஸ்'னு ஒரு அமைப்பு 1952-ல் இருந்து 2008 வரைக்கும் உலகம் முழுக்க பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேனா நண்பர்களைத் தேடிக் கொடுத்துச்சு. ஃபார்ம் நிரப்பி அனுப்பிட்டு, போஸ்ட்மேன் சைக்கிள் மணிக்காகக் காத்துக்கிடந்த தலைமுறை அது. உங்களுக்கு போஸ்ட்மேன் வேண்டாம், மெயில் போதும்.

'இதுக்கு எதுக்கு மெயில்? வாட்ஸ்அப்ல சாட் பண்ணலாமே'னு கேட்பீங்க. கதே இன்ஸ்டிட்யூட் பி1 தேர்வோட எழுத்துப் பகுதியைப் பாருங்க. 60 நிமிஷம், மூணு கேள்வி. முதல் கேள்வி நண்பருக்கு ஒரு மெயில், சுமார் 80 வார்த்தை. ரெண்டாவது, ஒரு விஷயத்துல உங்க கருத்து, அதுவும் 80 வார்த்தை. மூணாவது மரியாதையா ஒரு சின்ன மெயில், 40 வார்த்தை. ஆக, மூணுல ரெண்டு மெயில்தான்! பாஸாக 100-க்கு 60 வேணும். சாட்ல 'ஓகே', 'சூப்பர்', ஒரு ஸ்மைலியோட முடிஞ்சிடும். மெயில்ல வாக்கியத்தை முடிச்சே ஆகணும். அதே சமயம், எழுதி, அழிச்சு, டிக்‌ஷனரி பார்த்து, மறுபடி எழுத நேரம் இருக்கு. எதிர்ல ஆள் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிற பயமும் இல்ல.

இதை ஒழுங்கா ஒரு முறையா ஆக்கினதும் ஜெர்மனிக்காரங்கதான். 1990-கள்ல போஹும் பல்கலைக்கழகத்துல ஹெல்முட் பிராமர்ட்ஸ்னு ஒருத்தர் குழு சேர்த்து, வெவ்வேறு நாட்டு மாணவர்களை மெயில்ல ஜோடி சேர்த்தார். பேரு 'டாண்டெம்'. ரெண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் இருக்கே, அந்தப் பேரு. விதி ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ரெண்டு பேருக்கும் சமமா பலன் கிடைக்கணும். இன்னொண்ணு, உன் படிப்புக்கு நீதான் பொறுப்பு. அவன் உனக்கு வாத்தியார் இல்ல. நடைமுறையில, ஒரு மெயில்ல பாதி உங்க மொழி, பாதி அவங்க மொழி. அவங்க உங்க ஜெர்மனைத் திருத்துவாங்க, நீங்க அவங்க எழுதினதைத் திருத்துவீங்க.

இங்கேதான் ஒரு சிக்கல். ஜெர்மன் காலேஜ் பிள்ளைங்க பல பேர் நம்மளைவிட நல்லாவே இங்கிலீஷ் எழுதுறாங்க. 'நான் இங்கிலீஷ் சொல்லித்தர்றேன், நீ ஜெர்மன் சொல்லிக்கொடு'னு போனா வியாபாரம் படியாது. உங்க கையில இருக்கிற சரக்கு தமிழும் உங்க ஊரும்தான். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துல தமிழ் சொல்லித்தர்றாங்க. கொலோன்ல பல வருஷமா தமிழ் ஆய்வு நடந்திருக்கு. அப்படித் தமிழ் படிக்கிற ஒருத்தர் கிடைச்சா அதிர்ஷ்டம்தான். கிடைக்கலேன்னாலும் பரவாயில்ல, இந்தியாவுக்கு வர ஆசைப்படுறவங்க, புது ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க நிறைய பேர் உண்டு. உங்க ஜெர்மன் வாத்தியார்கிட்ட முதல்ல கேளுங்க. அங்கே ஒரு ஸ்கூல், காலேஜ் பழக்கம் இருந்தா வகுப்புக்கு வகுப்பு ஜோடி சேர்க்கலாம், அதுதான் பாதுகாப்பும்கூட. இல்லேன்னா டாண்டெம், ஹலோடாக் மாதிரி ஆப்கள். 'ஸ்லோலி'னு ஒரு ஆப் இருக்கு. தூரத்துக்கு ஏத்த மாதிரி கடிதம் மெதுவா போய்ச் சேரும். அவசரக்காரங்களுக்கு எரிச்சல் வரும், எனக்குப் பிடிச்சிருக்கு.

சரி, என்ன எழுதுறது? 'ஹாய், ஹவ் ஆர் யூ, மை ஹாபி இஸ் மியூசிக்'னு தொடங்கின நட்பெல்லாம் மூணாவது மெயில்ல செத்துடும். மரச்சீனிக்கிழங்கைப் பத்தி எழுதுங்க மக்கா! சும்மா சொல்லல. ஜெர்மன்ல அதுக்கு 'மனியோக்'னு ஒரு வார்த்தை இருக்கு. ஆனா அதைச் சொன்னா மட்டும் போதாது. மண்ணுக்குள்ள விளையும், தோலை உரிப்போம், வேக வைப்போம், மீன்கறி ஊத்திச் சாப்பிடுவோம்னு நாலு வாக்கியம் கட்டணும். உரி, வேகவை, ஊத்துன்னு நாலு வினைச்சொல் அப்படியே உங்களுதாயிடும். ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல ஒரு மழைன்னு நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழை. காலநிலை வார்த்தைகள் அத்தனையும் அதுல வந்துடும். தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டைக்குப் போனா டிலனாய் கல்லறையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. 1741 குளச்சல் போர்ல டச்சுக்காரங்க பக்கம் நின்னு பிடிபட்டு, அப்புறம் மார்த்தாண்ட வர்மாவோட படைக்கே தளபதியானவர். கல்லுல லத்தீனும் தமிழும் சேர்த்தே செதுக்கியிருக்காங்க. அந்தக் கதையை எழுதினா இறந்தகாலம் முழுக்கப் பழகிடலாம்.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஜெர்மன்ல ஒரு சலுகையும் உண்டு. 'நான் நாகர்கோவில்ல இருக்கிறதால'னு நாம வினையைக் கடைசியில வைக்கிறோம் இல்லையா? ஜெர்மன்ல 'வைல்'னு, அதாவது 'ஏன்னா'னு தொடங்குற துணை வாக்கியத்துலயும் வினை கடைசிக்குப் போயிடும்: 'வைல் இஹ் இன் நாகர்கோவில் வோனெ'. இங்கிலீஷ்ல யோசிச்சு எழுதுறவங்க இங்கே வழுக்குவாங்க, தமிழ்ல யோசிச்சா நிக்கலாம். நீ, நீங்க வித்தியாசமும் அப்படித்தான். அவங்களுக்கு 'டு', 'ஸீ'. மாணவர்களுக்குள்ள 'டு'தான். பொண்ணுக்கு 'லீபெ', பையனுக்கு 'லீபர்'னு தொடங்கி, ஒரு கமா போட்டு, அடுத்த வரியைச் சின்ன எழுத்துல தொடங்கணும். இந்தச் சின்ன எழுத்தைத்தான் நம்மாளுங்க தவறாம தப்பு விடுறாங்க.

திருத்தும்போது கொலை பண்ணிடாதீங்க. 'என் மெயில்ல மூணு தப்பு மட்டும் சொல்லு'னு கேளுங்க, நீங்களும் மூணு மட்டும் சொல்லுங்க. சிவப்பு மையில முழுசா நனைஞ்ச மெயிலைத் திரும்ப யாரும் திறக்க மாட்டாங்க. வந்த மூணையும் ஒரு நோட்டுல எழுதி வச்சா, ரெண்டு மாசத்துல ஒண்ணு புரியும்: நீங்க நூறு விதமான தப்பு பண்ணல, அஞ்சாறு தப்பையேதான் திரும்பத் திரும்பப் பண்றீங்க.

ஏஐ-கிட்டக் கொடுத்து எழுதி வாங்குற ஆசை வரும். வந்தா, முதல்ல நீங்களே கையால எழுதி முடிச்சுட்டு அப்புறம் காட்டுங்க. மெஷின் எழுதின மெயில்ல உங்க தப்பு இருக்காது, அதனால திருத்தவும் எதுவும் இருக்காது. பரீட்சை ஹாலுக்குள்ள அது கூட வராது.

தமிழ் படிக்கிற ஜோடி கிடைச்சா, அவங்க புத்தகத்துல 'வந்துகொண்டிருக்கிறேன்'னு படிச்சிருப்பாங்க. நீங்க 'வந்துகிட்டுதாம்லா இருக்கேன்'னு எழுதினா தலை சுத்தும். ரெண்டையும் எழுதிக் காட்டுங்க. பதிலுக்கு அவங்க ஊர்ப்பேச்சைக் கேளுங்க. நாளைக்கு மியூனிக் ஆஸ்பத்திரியில வேலைக்குப் போறவங்களுக்கு, வயசான ஒரு பவேரிய பாட்டி பேசுறது பி2 புத்தக ஜெர்மனா இருக்காது!

மெயில் உங்க உச்சரிப்பைச் சரி பண்ணாது, காதையும் பழக்காது. அதுக்கு நாலஞ்சு மாசம் பழகின பிறகு வாய்ஸ் நோட்டுக்கு மாறலாம். கோடையில அவங்க நம்மளைவிட மூன்றரை மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல நாலரை. கால் பண்ணும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, கண்டிப்பா. இதுக்குன்னு தனி மெயில் ஐடி வச்சுக்கோங்க. வீட்டு முகவரி, ஆதார், பாஸ்போர்ட் போட்டோ எதையும் அனுப்பாதீங்க. 'உனக்கு கிஃப்ட் அனுப்பினேன், கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, பணம் கட்டு'ன்னோ, 'எங்க மாமா ஆஸ்பத்திரியில வேலை இருக்கு, முன்பணம் போடு'ன்னோ வந்தா அது பேனா நண்பர் இல்ல. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்படாம உடனே 1930-க்கு கால் பண்ணுங்க. 18 வயசுக்குக் கீழேன்னா வீட்டுல யாருக்காவது, இல்ல டீச்சருக்காவது தெரிஞ்சே எழுதுங்க.

வாரத்துக்கு ஒரு மெயில் போதும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு அரை மணி நேரம், 80 வார்த்தை, கடைசியில ரெண்டு கேள்வி. கேள்வி இல்லாத மெயிலுக்குப் பதில் வர்றது ரொம்ப அபூர்வம். 'உங்க ஊர்ல மண்ணுக்குள்ள விளையுறது என்ன, அதை எதோட சாப்பிடுவீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் உருளைக்கிழங்கைப் பத்தி ஒரு பக்கம் வரும்.